அட்டை மாறினால் மருந்து மாறுமா?

விழுப்புரம் மாவட்டம், மேல்மலையனூர் வட்டத்தில் இருக்கிறது அவலூர்பேட்டை. நெல்லும் மல்லாட்டையும் விளையும் பூமி. ஒரு பக்கம் செஞ்சிக்கும் இன்னொரு பக்கம் திருவண்ணாமலைக்கும் பேருந்து ஏறலாம். இந்த ஊரில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் என்று மருத்துவர் உறுதிசெய்து, ஃப்ளுவாக்செட்டின் 20 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தால், அந்தக் காப்ஸ்யூல் அவர் கைக்கு வந்து சேர மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, அரசு மருத்துவமனை. செஞ்சிக்கோ, முண்டியம்பாக்கத்தில் உள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ, திருவண்ணாமலை மருத்துவக் கல்லூரிக்கோ போனால் காசில்லாமல் கிடைக்கும். அட்டையில் மருந்தின் பொதுப்பெயர்தான் இருக்கும், கூடவே ‘தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்ல’ என்ற வாசகமும். இரண்டாவது வழி, திருவண்ணாமலையிலோ விழுப்புரத்திலோ தனியார் மனநல மருத்துவரைப் பார்த்துவிட்டு பக்கத்து மெடிக்கலில் வாங்குவது. இந்த அட்டை பளபளப்பாக இருக்கும். பெரிய கம்பெனி ஒன்று சூட்டிய பெயர் அதில் இருக்கும். மூன்றாவது வழி, மலிவு விலை மருந்தகம். மத்திய அரசின் மக்கள் மருந்தகமாகவோ மாநில அரசின் முதல்வர் மருந்தகமாகவோ இருக்கலாம். அங்கே இன்னொரு அட்டை, இன்னொரு நிறம்.

வயல் வேலை, பேருந்து நேரம், கையிருப்பு ஆகியவற்றைப் பொறுத்து ஒரே நோயாளி ஆறு மாதத்துக்குள் இந்த மூன்று வழியிலும் போய்வரக்கூடும். ஒவ்வொரு முறை அட்டை மாறும்போதும் வீட்டில் ஒரே பேச்சுதான்: கவர்மென்ட் மாத்திரைக்குப் பவர் கம்மி, கம்பெனி மாத்திரைதான் கேக்கும்.

இந்தப் பேச்சை அறியாமை என்று ஒதுக்கிவிடக் கூடாது. இதற்குள் நியாயமான ஒரு சந்தேகமும் பிழையான ஒரு முடிவும் சேர்ந்தே இருக்கின்றன. இரண்டையும் பிரித்துப் பார்க்க, அந்த மருந்து பிறந்த கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

ஃப்ளுவாக்செட்டினைக் கண்டறிந்தது அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனம். பிரையன் மல்லாய், ரே ஃபுல்லர், டேவிட் வாங் ஆகியோர் 1970-களின் தொடக்கத்தில் அங்கே செய்த வேலை அது. 1987 டிசம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அனுமதி தந்தது. ‘புரோசாக்’ என்ற பெயரில், பச்சையும் வெளிர்மஞ்சளுமான காப்ஸ்யூலாகச் சந்தைக்கு வந்த அந்த மருந்து உலகம் முழுக்கப் பேசப்பட்டது. 2000-இல் அதே மூலக்கூறை இளஞ்சிவப்பும் ஊதாவுமான கூட்டில் அடைத்து, மாதவிடாய்க்கு முன்வரும் கடும் மனநிலைக் கோளாறுக்கு என்று ‘சாராஃபெம்’ என்ற புதுப் பெயரில் விற்றார்கள். உள்ளே இருந்ததும் அதே ஃப்ளுவாக்செட்டின், அளவும் அதே 20 மில்லிகிராம். அடுத்த ஆண்டு, 2001 ஆகஸ்டில், காப்புரிமைப் பாதுகாப்பு முடிந்து பார் என்ற நிறுவனத்தின் மாற்று மருந்து வெளியானதும், சில வாரங்களிலேயே புரோசாக் தன் விற்பனையில் பெரும்பகுதியை இழந்தது.

அமெரிக்கர்கள் அந்த மலிவு விலைக்காகப் பதினான்கு ஆண்டுகள் காத்திருந்தார்கள். இந்தியர்களுக்கு அந்தக் காத்திருப்பு நேரவில்லை. அதற்குக் காரணமானவர்களில் ஒருவர் தமிழர்.

சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்து, பின்னர் உச்சநீதிமன்றத்துக்குச் சென்றவர் என். ராஜகோபால ஐயங்கார். இந்தியக் காப்புரிமைச் சட்டத்தை எப்படி மாற்ற வேண்டும் என்று ஆராயும் பணியை மத்திய அரசு அவரிடம் கொடுத்தது. 1959-இல் அவர் அறிக்கை அளித்தார். ஆங்கிலேயர் காலத்து 1911-ஆம் ஆண்டுச் சட்டம் அப்போது நடைமுறையில் இருந்தது. மருந்துக் காப்புரிமைகள் பெரும்பாலும் வெளிநாட்டு நிறுவனங்கள் கையில் இருந்தன. அமெரிக்க செனட்டர் எஸ்டெஸ் கெஃபாவர் தலைமையிலான குழு அதே காலகட்டத்தில் மருந்து விலைகளை விசாரித்தபோது, உலகிலேயே மருந்து விலை மிக அதிகமான நாடுகளில் இந்தியாவும் ஒன்று என்று கண்டது. ஏழை நாடு, ஆனால் பணக்கார நாட்டைவிட அதிக விலை. மருந்துக்கும் உணவுக்கும் பொருள் மீதான காப்புரிமை தரக் கூடாது, தயாரிக்கும் முறைக்கு மட்டும் தரலாம் என்பது ஐயங்காரின் பரிந்துரை. 1970-இல் நிறைவேறி 1972-இல் நடைமுறைக்கு வந்த காப்புரிமைச் சட்டம் அதை ஏற்றுக்கொண்டது.

அடுத்த முப்பத்து மூன்று ஆண்டுகள், அதாவது உலக வர்த்தக அமைப்பின் விதிப்படி 2005-இல் சட்டம் திரும்பவும் மாறும்வரை, இந்திய வேதியியலாளர்கள் வேறு வழிமுறையில் அதே மருந்தைத் தயாரிக்கலாம் என்ற நிலை இருந்தது. ஃப்ளுவாக்செட்டின், செர்ட்ரலின், சிட்டலோப்ராம், அதிலிருந்து பிரித்தெடுத்த எஸ்சிட்டலோப்ராம் என இன்று மனநல மருத்துவர்கள் அன்றாடம் எழுதும் மருந்துகள் எல்லாம் அந்த இடைவெளிக்குள் வந்தவை. திலீப் சங்வி 1983-இல் குஜராத்தின் வாபியில் சன் பார்மாவைத் தொடங்கியபோது கையில் இருந்தவை ஐந்தே மருந்துகள். ஐந்தும் மனநோய் சிகிச்சைக்கானவை. நாட்டின் மிகப் பெரிய மருந்து நிறுவனம் மனநல மருந்துகளில் இருந்துதான் எழுந்தது.

ஐயங்காரின் பெயரைச் சட்டக் கல்லூரிகளுக்கு வெளியே அதிகம் பேர் அறிய மாட்டார்கள். ஒவ்வொரு மாதமும் சில பத்து ரூபாய்க்கு மனச்சோர்வு மருந்து வாங்கிச் செல்லும் ஒவ்வொரு குடும்பமும் அவருக்குக் கடன்பட்டிருக்கிறது.

இங்கேதான் ‘கம்பெனி மாத்திரை’ பற்றிய நம்பிக்கையை நிறுத்தி யோசிக்க வேண்டும். மெடிக்கலில் கிடைக்கும் பளபளப்பான அட்டையும் எலி லில்லி தயாரித்த மூல மருந்து அல்ல. அதுவும் நகல்தான். இந்தியாவில் மனச்சோர்வுக்கு விற்கும் மாத்திரைகளில் மிகப் பெரும்பாலானவை, கண்டுபிடித்த நிறுவனத்தைச் சேராத ஏதோ ஒரு இந்திய நிறுவனம் தயாரித்து, தன் சொந்தப் பெயர் சூட்டி விற்பவை. அமெரிக்காவில் ‘பிராண்டா, ஜெனரிக்கா’ என்று கேட்டால் அது மூலத்துக்கும் நகலுக்கும் இடையிலான கேள்வி. இங்கே அதே கேள்வி, பெயர் வைத்த நகலுக்கும் பெயர் வைக்காத நகலுக்கும் இடையிலானது. பெயருக்குப் பின்னால் விளம்பரச் செலவு இருக்கிறது. மருத்துவரைச் சந்திக்க வரும் கம்பெனிப் பிரதிநிதியின் சம்பளம் இருக்கிறது. இமாச்சலப் பிரதேசத்தின் பத்தி போன்ற இடங்களில், ஒப்பந்த அடிப்படையில் பல நிறுவனங்களுக்கு மாத்திரை செய்து தரும் ஆலைகள் ஏராளம். ஒரே ஆலையில் அரைத்த மாவு வெவ்வேறு கடைகளின் பைகளில் போவதுபோல, ஒரே ஆலையின் மாத்திரை வெவ்வேறு பெயர்களில் அட்டையேறுவது இந்த வணிகத்தில் சர்வ சாதாரணம்.

பெயர் எப்போதும் தரத்தைத்தான் குறிக்கிறது என்று நினைப்பவர்கள் ஐரோப்பாவில் நடந்ததையும் தெரிந்துகொள்ள வேண்டும். சிட்டலோப்ராமைக் கண்டறிந்தது டென்மார்க்கின் லுண்ட்பெக் நிறுவனம். அதன் மூலக் காப்புரிமை முடிந்த பிறகு, மலிவு மாற்று மருந்துகளைச் சந்தைக்குக் கொண்டுவராமல் இருக்க 2002-இல் பல நிறுவனங்களுடன் பணம் கொடுத்து ஒப்பந்தம் போட்டது. ஐரோப்பிய ஆணையம் விசாரித்து 2013 ஜூனில் லுண்ட்பெக்குக்கு 9 கோடியே 38 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. பணம் வாங்கிய நிறுவனங்களுக்கும் சேர்த்து 5 கோடியே 22 லட்சம் யூரோ. அந்தப் பட்டியலில் இந்தியாவின் ரான்பாக்ஸியும் இருந்தது. 2021 மார்ச்சில் ஐரோப்பிய நீதிமன்றம் அபராதத்தை உறுதிசெய்தது. மனச்சோர்வு மருந்தின் விலை குறையாமல் இருப்பதற்கே விலை கொடுக்கப்பட்ட வழக்கு இது.

தமிழ்நாட்டுக்குத் திரும்புவோம். அரசு மருத்துவமனை அட்டைக்குப் பின்னால் இருப்பது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். 1994-இல் தொடங்கி 1995 ஜனவரியில் விநியோகத்தை ஆரம்பித்தது. அதன் முதல் நிர்வாக இயக்குநர் ஆர். பூர்ணலிங்கம் வகுத்த முறை எளிமையானது, கறாரானது. மருந்தைப் பொதுப்பெயரில் மட்டுமே கேட்டு ஒப்பந்தப்புள்ளி கோருவது. மொத்த மாநிலத்துக்கும் ஒரே இடத்தில் வாங்குவதால் விலையைக் கீழே இறக்குவது. வந்து சேரும் தொகுதிகளிலிருந்து மாதிரி எடுத்து, தயாரிப்பாளர் பெயரை மறைத்து, ஆய்வகங்களுக்கு அனுப்புவது. தேறிய பிறகே மருத்துவமனைக்கு விடுவது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் பாஸ்புக் ஒன்று. ஒதுக்கிய தொகைக்கு என்ன மருந்து எடுத்தார்கள் என்பது அதில் பதிவாகும். கேரளம், ராஜஸ்தான் உட்படப் பல மாநிலங்கள் பிறகு இந்த முறையைப் பார்த்துத் தங்கள் கழகங்களை அமைத்தன. மெடிக்கலில் வாங்கும் அட்டையின் எத்தனை தொகுதிகள் விற்பனைக்கு முன் வெளியார் ஆய்வகம் ஒன்றில் சோதிக்கப்படுகின்றன என்று கேட்டுப் பார்த்தால், ‘பவர் கம்மி’ என்ற தீர்ப்பை மறுபரிசீலனை செய்ய வேண்டியிருக்கும்.

ஆனால் ஆய்வகத்தில் தேறுவது வேறு, உடலில் வேலை செய்வது வேறு. நியாயமான சந்தேகம் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

ஆய்வகச் சோதனை, மாத்திரைக்குள் சொன்ன அளவு மருந்து இருக்கிறதா, தண்ணீரில் குறித்த நேரத்தில் கரைகிறதா, மாசு கலந்திருக்கிறதா என்று பார்க்கும். அந்த மருந்து குடலில் உறிஞ்சப்பட்டு, மூல மருந்து எந்த வேகத்தில் எந்த அளவுக்கு இரத்தத்தில் ஏறியதோ அதே போல ஏறுகிறதா என்பதை அறிய மனிதர்களிடம்தான் சோதிக்க வேண்டும். வழக்கமாக இரண்டு மூன்று டஜன் ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்கு ஒருமுறை மூல மருந்தும் இன்னொரு முறை மாற்று மருந்தும் கொடுத்து, மணிக்கணக்கில் இரத்தம் எடுத்து அளப்பார்கள். இரண்டுக்கும் உள்ள விகிதத்தின் நம்பக எல்லை 80 முதல் 125 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும். இதைத்தான் பலரும், படித்தவர்களும்கூட, ‘80 சதவீதம் மருந்து இருந்தாலே அனுமதி தருகிறார்கள்’ என்று தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். எல்லை முழுவதும் அந்த வட்டத்துக்குள் விழ வேண்டும் என்றால், சராசரி நூறை ஒட்டித்தான் இருந்தாக வேண்டும். 1996 முதல் 2007 வரை அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்துக்கு வந்த 2,070 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இரத்தத்தில் சேர்ந்த மொத்த மருந்தில் சராசரி வேறுபாடு 3.56 சதவீதம், உச்ச அளவில் 4.35 சதவீதம். ஒரே நிறுவனத்தின் இரண்டு தொகுதிகளுக்கு இடையேகூட சிறு வேறுபாடு இருக்கும் என்பதை நினைவில் வைத்தால் இது பெரிய இடைவெளி அல்ல.

இந்தியாவில் இந்த மனிதச் சோதனை எல்லாருக்கும் கட்டாயமாக இருந்ததில்லை. ஒரு மருந்து நாட்டில் முதன்முதலாக அனுமதி பெற்று நான்கு ஆண்டுகள் கடந்துவிட்டால் அது ‘புதிய மருந்து’ அல்ல. அதன் பிறகு மாநில உரிம அதிகாரியிடம் விண்ணப்பித்துத் தயாரிப்பைத் தொடங்கலாம். மூல மருந்துக்கு நிகராக இரத்தத்தில் ஏறுகிறது என்று காட்ட வேண்டியிருக்கவில்லை. 2017 ஏப்ரலில்தான் விதி திருத்தப்பட்டது. எளிதில் கரையாத மருந்து வகைகளுக்கு அந்தச் சோதனை கட்டாயமானது. அதற்கு முன்பே உரிமம் பெற்று வந்த பழைய தயாரிப்புகள் ஏராளம். இந்தக் குறை பெயருள்ள அட்டைக்கும் பெயரில்லாத அட்டைக்கும் ஒன்றுபோலப் பொருந்தும் என்பதைத்தான் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. விளம்பரம் செய்த நகலும் இதே வாசல் வழியாகத்தான் வந்தது.

சோதனை இருந்தால் மட்டும் போதுமா? அமெரிக்காவில் நடந்த ஒரு விவகாரம் இதற்குப் பதில் சொல்கிறது. அதுவும் மனச்சோர்வு மருந்து பற்றியதுதான். வெல்புட்ரின் எக்ஸ்எல் என்பது புப்ரோப்பியான் என்ற மருந்தை நாள் முழுக்க மெல்ல மெல்ல வெளிவிடும் மாத்திரை. அதன் மாற்றாக இம்பாக்ஸ் தயாரித்து டெவா விற்ற ‘புடெப்ரியான் எக்ஸ்எல் 300’ 2006 டிசம்பரில் அனுமதி பெற்றது. சில மாதங்களிலேயே புகார்கள் வரத் தொடங்கின. நன்றாக இருந்தவர்களுக்கு மாத்திரை மாறியதும் சோர்வு திரும்பியது. தலைவலி, படபடப்பு, தூக்கமின்மை. ஜோ கிரேடன், டெர்ரி கிரேடன் என்ற தம்பதி மருந்துகள் பற்றி நடத்திவந்த பத்தியில் இந்தக் கடிதங்கள் குவிந்தன. அவர்கள் மருந்து நிர்வாகத்தை விடாமல் கேட்டார்கள். 2008-இல் வந்த பதில்: மருந்து சரியாகவே இருக்கிறது, நோய் இயல்பாகத் திரும்பியிருக்கலாம்.

விஷயம் என்னவென்றால், 300 மில்லிகிராம் மாத்திரை மனிதர்களிடம் சோதிக்கப்படவே இல்லை. அதிக அளவில் வலிப்பு வரும் அபாயம் இருந்ததால் 150 மில்லிகிராமைச் சோதித்து, அந்த முடிவை 300-க்கும் நீட்டித்திருந்தார்கள். கடைசியில் நிர்வாகமே 24 தன்னார்வலர்களிடம் ஆய்வு நடத்தியது. 2012-இல் முடிவு வந்தது: மாற்று மாத்திரை மூலத்துக்கு நிகராக இரத்தத்தில் ஏறவில்லை. அக்டோபரில் அது திரும்பப் பெறப்பட்டது. மற்ற நிறுவனங்களின் 300 மில்லிகிராம் மாத்திரைகளையும் சோதிக்கச் சொன்னார்கள். மேலும் ஒன்று தோற்றது, மற்றவை தேறின. நோயாளிகள் சொன்னது சரி, அலுவலகம் சொன்னது தவறு என்று ஒப்புக்கொள்ள ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் ஆயின.

இதிலிருந்து எல்லா மாற்று மருந்தும் மோசம் என்ற முடிவுக்குத் தாவுவது பிழை. சிக்கல் வந்தது மெல்ல வெளிவிடும் நுட்பத்தில். ஃப்ளுவாக்செட்டின், எஸ்சிட்டலோப்ராம், செர்ட்ரலின் போன்றவை சாதாரணமாக எழுதப்படும் வடிவில் அந்த நுட்பம் இல்லாத மாத்திரைகள். கரையும், உறிஞ்சப்படும், அவ்வளவுதான். மெல்ல வெளிவிடும் வகை மாத்திரையில் கம்பெனி மாறும்போது கூடுதல் கவனம் தேவை. மற்றவற்றில் பயத்துக்குக் காரணம் குறைவு. மருத்துவர்கள் இந்த வேறுபாட்டை நோயாளிக்கு இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். சொல்வதில்லை.

சொல்லாதபோது அந்த இடத்தை மனம் நிரப்பிக்கொள்கிறது. 2008-இல் அமெரிக்காவில் 82 பேரிடம் வலி குறைவது பற்றி ஒரு சோதனை செய்தார்கள். மருந்தே இல்லாத வெறும் மாத்திரைதான் எல்லோருக்கும். பாதிப் பேரிடம் இதன் விலை இரண்டரை டாலர் என்றார்கள், மீதிப் பேரிடம் பத்து சென்ட்டாகக் குறைக்கப்பட்டது என்றார்கள். விலை உயர்ந்தது என்று கேட்டவர்களில் 85 சதவீதத்தினருக்கு வலி குறைந்தது. மலிவு என்று கேட்டவர்களில் 61 சதவீதத்தினருக்கு. மனச்சோர்வு, எதிர்பார்ப்பின் வலு மிகுந்து தெரியும் நோய். பவர் கம்மி என்று வீட்டில் நான்கு பேர் சொன்ன மாத்திரையை விழுங்குகிறவருக்கு அந்தச் சொல்லும் சேர்ந்தே உள்ளே போகிறது.

நிறமும் வடிவமும்கூடச் சாதாரண விஷயமல்ல. ஹார்வர்டைச் சேர்ந்த ஆரன் கெசல்ஹைம் குழு வலிப்பு நோயாளிகளிடம் செய்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், மாத்திரையின் நிறம் மாறியபோது மருந்தை இடையில் விடும் வாய்ப்பு 27 சதவீதம் கூடியிருந்தது. அடுத்த ஆண்டு மாரடைப்பு நோயாளிகளிடம் பார்த்தபோது, நிறம் மாறினால் 34 சதவீதம், வடிவம் மாறினால் 66 சதவீதம். உள்ளே இருந்த மருந்து ஒன்றுதான். ஒப்பந்தப்புள்ளியில் ஒவ்வொரு முறையும் வேறு நிறுவனம் ஜெயிக்கும் அரசு அமைப்பில், அட்டையும் நிறமும் மாறிக்கொண்டே இருப்பது தவிர்க்க முடியாதது என்று நினைக்கிறோம். தவிர்க்க முடியும். குறிப்பிட்ட மருந்துக்கு இந்த நிறம், இந்த வடிவம் என்று ஒப்பந்தத்திலேயே விதிக்க கழகத்துக்கு அதிகாரம் உண்டு. அதிகம் செலவாகாத சீர்திருத்தம் இது.

இடையில் விடுவதுதான் இந்த நோயில் பெரிய ஆபத்து. மருந்து வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். குமட்டல், தலைவலி போன்ற பக்க விளைவுகளோ முதல் வாரத்திலேயே வந்துவிடும். சரியான பிறகும் மாதக்கணக்கில் தொடர வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் ஒன்பது முதல் பன்னிரண்டு மாதம் என்கிறது. நல்லாத்தான இருக்கோம், எதுக்கு மாத்திரை என்று நிறுத்துபவர்களே அதிகம். திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றல், எரிச்சல், மின்சாரம் பாய்வதுபோன்ற உணர்வு எல்லாம் வரும். 25 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு முதல் சில வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடுகிறதா என்று வீட்டார் கவனிக்க வேண்டும் என்பதும் அமெரிக்க மருந்து நிர்வாகம் கட்டாயமாக அச்சிடச் சொன்ன எச்சரிக்கை.

கிராமத்துக்கு ஏற்ற மருந்து எது என்று யோசிக்கும்போது ஃப்ளுவாக்செட்டினின் ஒரு குணம் முக்கியமாகிறது. அது உடலை விட்டு மிக மெதுவாக வெளியேறும். அதிலிருந்து உடல் உண்டாக்கும் துணைப்பொருள் ஒரு வாரம், இரண்டு வாரம்கூடத் தங்கும். எஸ்சிட்டலோப்ராமில் பாதி ஏறக்குறைய முப்பது மணி நேரத்தில் போய்விடும். பேருந்தைத் தவறவிட்டதால், அறுவடை நாளில் செஞ்சிக்குப் போக முடியாததால், இரண்டு மூன்று நாள் மாத்திரை விட்டுப்போனால் ஃப்ளுவாக்செட்டின் அதைத் தாங்கிக்கொள்ளும். நகரத்து மருத்துவர்கள் புதிய மருந்துகளை விரும்பி எழுதுவதற்குக் காரணங்கள் இருக்கலாம்; அவலூர்பேட்டை நோயாளிக்கு இந்தப் பழைய மருந்தின் பொறுமை பெரிய துணை.

இந்திய மண்ணில் மலிவு ஃப்ளுவாக்செட்டின் வேலை செய்யுமா என்பதற்குக் கோவாவில் விக்ரம் படேல் குழு நடத்திய ஆய்வு சான்று. பொது மருத்துவமனைகளுக்கு வந்த 450 பேரைக் குலுக்கல் முறையில் மூன்று பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ஃப்ளுவாக்செட்டின், ஒரு பிரிவுக்கு வெறும் மாத்திரை, ஒரு பிரிவுக்கு உளவியல் சிகிச்சை. 2003-இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. இரண்டு மாதத்தில் ஃப்ளுவாக்செட்டின் பிரிவு தெளிவாக முன்னே இருந்தது. செலவைக் கணக்கிட்டாலும் அதுவே சிக்கனம். உளவியல் சிகிச்சை அந்த ஆய்வில் வெறும் மாத்திரையைவிட மேலாகத் தெரியவில்லை. ஆனால் அதே குழு சிகிச்சை முறையை மாற்றி, சாதாரண உள்ளூர்க்காரர்களைப் பயிற்றுவித்து ஆறு முதல் எட்டு அமர்வுகளில் தரும் பேச்சு சிகிச்சையாக்கி, 2017-இல் வெளியிட்ட ஆய்வில் அது நல்ல பலன் தந்தது. மாத்திரையும் பேச்சும் ஒன்றுக்கொன்று போட்டியல்ல. இரண்டும் கிராமத்துக்கு எட்டும் விலையில் இருக்கின்றன.

எட்டாதது எது? பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015–16-இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வாழ்நாளில் இருபது பேரில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அவர்களில் சிகிச்சை பெறாதவர்கள் 85 சதவீதம். நோயாளி உள்ள குடும்பங்கள் மாதம் ஆயிரம் முதல் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்வரை செலவழிக்கின்றன. சிகிச்சையோடு பயணமும் அதில் பெரும்பங்கு. மாத்திரை அட்டை சில பத்து ரூபாய்க்குள் முடிகிறது. பேருந்துக் கட்டணம், கூட வருபவரின் கட்டணம், இருவரும் இழக்கும் ஒரு நாள் கூலி ஆகியவை சேர்ந்து மருந்தின் விலையைப் பல மடங்கு தாண்டிவிடுகின்றன. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கு அமாவாசைதோறும் வரும் கூட்டத்தில், மனசு சரியில்லை, காத்து கருப்பு என்று அழைத்துவரப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தக் குடும்பங்கள் செலவுக்கோ பயணத்துக்கோ தயங்குகிறவை அல்ல. பக்கத்தில் நம்பிக்கையோடு போக ஓர் இடம் இருக்கிறது என்பதால் போகிறார்கள். அதே நம்பிக்கையோடு போகக்கூடிய மருத்துவ இடமும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

2017-ஆம் ஆண்டு மனநல சிகிச்சைச் சட்டத்தின் 18-ஆவது பிரிவு, அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மருந்துகள் அரசு மருத்துவமனைகளில் எல்லா நேரமும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்கிறது. ஆனால் சமுதாய சுகாதார நிலையம் தொடங்கி அதற்கு மேலே உள்ள மருத்துவமனைகளுக்கே அந்த வாசகம் பொருந்தும். சிறு கிராமத்துத் துணை சுகாதார நிலையம் அதற்குள் வராது. மாவட்ட மனநலத் திட்டம் 1997-இல் திருச்சியில் தொடங்கித் தமிழ்நாட்டில் விரிந்தது. மருத்துவக் குழு குறித்த நாளில் வட்ட மருத்துவமனைக்கு வருவது அதன் முறை. அந்த நாள் தவறினால் அடுத்த முறைவரை காத்திருக்க வேண்டும். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்க 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் நல்ல பாதையைக் காட்டியிருக்கிறது. நோய் நிலைபெற்ற மனச்சோர்வு நோயாளிக்கு, அதே பையில் அதே ஊழியர் ஃப்ளுவாக்செட்டினையும் கொண்டுவர முடியாதா? முடியும். அதற்கு மருந்தின் விலை தடையல்ல.

வெளியே வாங்குபவர்களுக்கு இருக்கும் தடை சட்டத்திலேயே இருக்கிறது. மருந்து விதிகளின் 65(11ஏ) பிரிவின்படி, மருத்துவர் எழுதிய பெயருக்குப் பதில் அதே மூலப்பொருள் கொண்ட வேறு மாத்திரையைக்கூடக் கடைக்காரர் கொடுக்கக் கூடாது. மனச்சோர்வு மருந்துகளுக்கு இது பொருந்தும். அப்படியானால் மருத்துவர் பொதுப்பெயரில் எழுத வேண்டும். 2016-இல் இந்திய மருத்துவக் கவுன்சில் அப்படி எழுதச் சொன்னது. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் இன்னும் கறாராக உத்தரவிட்டது. மருத்துவர் சங்கங்கள் தரத்தைக் காரணம் காட்டி எதிர்க்கவே, அதே மாதத்தில் நிறுத்திவைத்தது. தரம் பற்றிய அவர்கள் கவலை பொய்யல்ல. ஆனால் தாங்கள் எழுதும் பெயருள்ள மாத்திரைக்கு மனிதச் சோதனை நடந்ததா என்று எத்தனை மருத்துவர்கள் கேட்டிருக்கிறார்கள்? அந்தக் கேள்வி இல்லாமல் தரத்தைப் பற்றிப் பேசுவது கம்பெனியின் பெயரைப் பற்றிப் பேசுவதாகவே முடிகிறது.

2008-இல் தொடங்கிய மக்கள் மருந்தகங்கள் 2023 இறுதியில் நாடு முழுக்கப் பத்தாயிரத்தைத் தாண்டின. தமிழ்நாட்டில் 2025 பிப்ரவரி 24 அன்று ஆயிரம் முதல்வர் மருந்தகங்கள் ஒரே நாளில் திறக்கப்பட்டன. கடைகள் பெருகிவிட்டன. இனி வேண்டியது சான்று. ஒவ்வொரு தொகுதியின் ஆய்வக முடிவும், அந்தத் தயாரிப்புக்கு மனிதச் சோதனை நடந்த விவரமும், அட்டையில் உள்ள எண்ணைக் கொண்டு யாரும் பார்க்கும்படி வெளியிடப்பட வேண்டும். தரமில்லாதவை எனக் கண்ட மருந்துகளின் பட்டியலை மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதாமாதம் வெளியிடுகிறது; தேறியவற்றின் பட்டியலை யாரும் வெளியிடுவதில்லை. அதனால் மக்கள் காதில் விழுவது தோற்ற மருந்தின் செய்தி மட்டுமே.

அதுவரை நோயாளியும் குடும்பமும் செய்யக்கூடியவை உண்டு. அட்டையில் பெரிய எழுத்தில் உள்ள பொதுப்பெயரையும் மில்லிகிராம் அளவையும் பார்த்து, பழைய அட்டையோடு ஒப்பிடலாம். ஒற்றை மருந்து கொண்ட அட்டைகளில் பொதுப்பெயர் கம்பெனிப் பெயரைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்பது 2018 முதல் விதி. மெல்ல வெளிவிடும் வகையா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம். அட்டை மாறிய தேதியைக் குறித்துவைக்கலாம். மாறிய பின் தூக்கமோ மனநிலையோ மோசமானால், மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல், தொகுதி எண்ணோடு மருத்துவரிடம் போக வேண்டும். மனம் தாங்கவில்லை என்றால் எந்த நேரமும் டெலிமானஸ் எண் 14416-ஐ அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள். மாத்திரை மீதே சந்தேகம் என்றால் இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024. நோயாளியே புகார் தரலாம். புடெப்ரியானின் குறையை அமெரிக்காவில் கண்டுபிடித்தது ஆய்வகம் அல்ல. மாத்திரை மாறிய நாளைக் குறித்துவைத்து எழுதிய நோயாளிகள்தான் முதலில் கண்டார்கள்.